தன்னூர் முதல் கரியடுப்பு வரை

அரசர்தம் போர்களையும் பட்டாபிடேகங்களையும் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்த வரலாறு, அடுப்பின் முன்னமர்ந்து கண் சிவந்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும் மனித குலத்தை ஒன்றுபடுத்திய பொருள்களுள் ரொட்டிக்கு ஈடானது பிறிதொன்றில்லை எனலாம்.

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை, தறியை நம்பி வாழும் ஊர். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று, அடுப்பங்கரை மாறவில்லை. தமிழர் ‘ரொட்டி’ என்பதைத் தெலுங்கர் ‘ரொட்டெ’ என்பர், வேற்றுமை அவ்வளவே. இன்று இத்தகைய ஊர்களிலும் பிள்ளைகள் ‘பீட்சா’ வேண்டும் என்கின்றனர். “அது வெள்ளைக்காரன் பண்டம்” என்று பெரியோர் ஒதுக்குகின்றனர். அயல்நாட்டுப் பீட்சா நிறுவனங்கள் இந்தியாவில் கடை திறந்தது 1996ஆம் ஆண்டில்தான். எனவே பெரியோர் கூற்று சரியெனவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

நூஹ் நபி (அலை) காலத்துப் பெருவெள்ளத்தைக் கூறுமிடத்துத் திருக்குர்ஆன், ‘தன்னூர்’ பொங்கியதாகக் குறிப்பிடுகிறது (11:40; 23:27). இச்சொல்லுக்குப் பூமியின் மேற்பரப்பு எனப் பொருள் கொண்டாரும் உளர். ரொட்டி சுடும் அடுப்பு என்பதே பலரும் அறிந்த பொருள். பண்டைய மெசபடோமியரின் அக்காடிய மொழியில் இது ‘தினூரு’. ஈரானியர் நாவில் ‘தனூர்’ ஆகி, வட இந்தியாவில் ‘தந்தூர்’ என வழங்குகிறது. சொல் நடந்த வழியே ரொட்டியும் நடந்தது.

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் தன்னூர் ரொட்டிகள் இடம்பெற்றுள்ளன. அதே நூற்றாண்டில், கி.பி. 997இல், இத்தாலியின் கயேத்தா நகர ஆவணமொன்றில் ‘பீட்சா’ என்னும் சொல் காணப்படுகிறது. குத்தகைதாரர் கிறிஸ்து பிறப்பு நாளில் ஆயருக்குப் பன்னிரண்டு பீட்சாக்கள் செலுத்த வேண்டுமென்பது அதிலுள்ள நிபந்தனை. சிரியாவிலும் துருக்கியிலும் மெல்லிய மாவின்மேல் கொத்துக்கறி பரப்பிச் சுடும் ரொட்டிக்கு ‘லஹ்ம் பிஅஜீன்’, அதாவது ‘மாவோடு இறைச்சி’, என்று பெயர். இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளெனத் தோன்றவில்லையா?

பீட்சாவின் அடையாளமான தக்காளியோ இத்தாலிக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. நம் முன்னோர் அதனைச் ‘சீமைத் தக்காளி’ என்றே அழைத்தனர். நேப்பிள்ஸ் நகர ஏழைத் தொழிலாளர் தெருவில் நின்று உண்ட மலிவான உணவே பீட்சா. அதனைச் செய்யும் கலையை 2017இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஏழையின் ரொட்டியை இன்று நாம் பெரும் விலை கொடுத்து, பெருமைக்காக வாங்குகிறோம்!

வீட்டில் செய்வதற்குப் பெரிய சூளை வேண்டியதில்லை. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய ‘அல் ஃபோர்னோ’ உணவகம், கரியடுப்பின் கம்பிவலை மீதே மாவை இட்டுச் சுடும் முறைக்குப் புகழ் பெற்றது. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து பொங்கவிட்ட மாவை மெல்லியதாகப் பரப்பி, எண்ணெய் தடவ வேண்டும். முற்றத்து அடுப்பில் கரி வெண்சாம்பல் பூத்ததும் அதனை ஒருபுறம் ஒதுக்கி, மாவை அனல் மேல் இட்டால் இரண்டொரு நிமிடத்தில் அடிப்புறம் வெந்து வரி விழும். பிறகு திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் தக்காளிக் கூழையும் பாலாடைக்கட்டியையும் அளவோடு பரப்பி, அனல் குறைந்த பக்கம் நகர்த்தி மூடிவிட வேண்டும். மிகுதியாகப் பரப்பினால் ஈரம் ஊறி ரொட்டி தளர்ந்துவிடும். எலுமிச்சை பிழிந்து திரித்த பன்னீர் உருகாது. நொதியால் உறையவைத்த மொஸரெல்லாதான் இழையாய் நீளும். அந்நொதி கன்றின் இரைப்பையிலிருந்தும் பெறப்படுவதுண்டு, நுண்ணுயிர்களிலிருந்தும் பெறப்படுவதுண்டு. ஆதலின் ஹலால் பேணுவோர் பொட்டலத்தைப் படித்து வாங்குதல் நலம்.

ஆகவே, பீட்சா அந்நியம் என்று வெறுப்பதும் பிழை. அது நாகரிகத்தின் உச்சம் என்று மயங்குவதும் பிழை. பாட்டி சுட்ட கேழ்வரகு அடையைக் கண்டு நாணும் பிள்ளைக்கு, இரண்டும் மாவும் நெருப்பும் கைத்திறனும் கூடிப் பிறந்தவையே என்று யாரேனும் எடுத்துரைக்க வேண்டும். அதற்கு உரிய இடம் பள்ளிக்கூடமன்று, வீட்டு முற்றம். அங்கே ஒருநாள் அடையையும் பீட்சாவையும் ஒரே கரியில் சுட்டு, அண்டை வீட்டாருக்கும் ஒரு துண்டு அனுப்பிவைப்போம். அடுப்புக்கு முன் பிள்ளையையே அமர்த்துவோம். தன் கண் சிவந்த பின்னர், பாட்டியின் கைக்கு என்ன மதிப்பென்று அப்பிள்ளை தானே அறியும்.