ஊரடங்குக் காலக் கலையும் அதன் மூலப்பொருளும்: மான்செஸ்டர் கண்காட்சியை முன்வைத்து

கொரோனா ஊரடங்கின்போது வீடுகளுக்குள் உருவான கலையை ஆராய முற்படும் திறனாய்வாளர், ஒரு படைப்பு எதைச் சித்திரிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே அது எவற்றால் ஆக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வண்ணம், தாள், துணி, கம்பி, களிமண் எனத் தன்மையால் வேறுபட்ட பொருள்களை ஒரே படைப்பில் சேர்த்தாளும் முறையாகிய கலப்பு ஊடகக் கலைக்கு இக்கேள்வி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாத இறுதியில், பீங்கான் கலைஞர் கிரேசன் பெரி தம் மனைவி பிலிப்பாவுடன் இணைந்து சேனல் 4 தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். உருவப்படம், விலங்குகள், கற்பனை, சன்னல்வழிக் காட்சி, வீடு, பிரிட்டன் என வாரத்துக்கொரு கருப்பொருள் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் அனுப்பியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த படைப்புகள், தொழில்முறைக் கலைஞர்களின் ஆக்கங்களோடு மான்செஸ்டர் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் பெயரால் பெரி செய்த ‘கிறிஸ் விட்டியின் பூனை’ என்னும் சுடுமண் உருவமும் அவற்றுள் ஒன்று. ஊரடங்கில் பிறந்த படைப்புகளின் கண்காட்சியே நோய்க் கட்டுப்பாடுகளால் மூடிக் கிடந்து, 2021 மே மாதத்தில்தான் பார்வையாளருக்குத் திறந்தது.

கலப்பு ஊடகத்தின் வரலாற்றை வழக்கமாக 1912இலிருந்து தொடங்குவர். அவ்வாண்டு பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியைத் தம் நீள்வட்ட ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். வண்ணமும் தூரிகையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவற்றோடு நில்லாமல் வேறு பொருள்களை வேண்டுமென்றே நாடிய செயல் அது. அவ்வரலாற்றை மட்டும் கொண்டு ஊரடங்குக் காலக் கலையை அளப்பது பொருந்தாது. தேர்வுக்கு இடமில்லாத நிலையில் பிறந்த இன்னொரு மரபு அதற்கு நெருக்கமானது.

அம்மரபின் முதன்மைச் சான்று கர்ட் ஷ்விட்டர்ஸ். நாஜிகளிடமிருந்து தப்பி நார்வே வழியாக 1940இல் பிரிட்டன் சேர்ந்த இந்த ஜெர்மானியக் கலைஞரை, பகைநாட்டவர் என்ற பெயரில் பிரிட்டன் அரசு மான் தீவின் ஹட்சின்சன் முகாமில் அடைத்தது. கைவிடப்பட்ட தாள்களையும் பயணச்சீட்டுகளையும் ஒட்டிப் படைப்பதில் முன்பே தேர்ந்திருந்த அவர், முகாமில் தரையின் லினோலிய விரிப்பைக் கிழித்து அதன்மேல் தீட்டினார். காலையுணவில் மீந்த ஓட்ஸ் கஞ்சியைத் திரட்டிச் சிற்பங்கள் செய்தார். கஞ்சிச் சிற்பங்கள் பூசணம் பூத்து, நிறம் மாறி, நாற்றமெடுத்து அழிந்தன. அதே முகாமில், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நீல வண்ணம் பூசியிருந்த சன்னல் கண்ணாடிகளைச் சவர அலகால் சுரண்டி அடைபட்டோர் சித்திரம் வரைந்தனர். கோடு விழுந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே வந்தது. கஞ்சியும் சன்னலின் நீலமும் எந்தக் கருப்பொருளையும்விடத் தெளிவாக முகாமின் உணவையும் அச்சத்தையும் காட்டுகின்றன.

முகாமும் ஊரடங்கும் ஒன்றல்ல. அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் வசதி 2020இல் பலருக்கு இருந்தது. ஆயினும் கடைகள் அடைத்த வாரங்களில் ஒருவர் கையிலெடுத்த அட்டைப்பெட்டியோ பழந்துணியோ அவ்வீட்டுக்குள் என்ன வந்து சேர்ந்தது, என்ன மிஞ்சியது என்பதற்குச் சான்றாகிறது. எனவே அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளில் வழக்கமாக இடம்பெறும் ‘கலப்பு ஊடகம்’ என்னும் பொதுக்குறிப்பு இக்காலப் படைப்புகளைப் பொறுத்தவரை ஒரு பெருங்குறை. பொருள் ஒவ்வொன்றையும், அது கிடைத்த வழியையும் படைத்தவரிடமே கேட்டுப் பதிந்தாலன்றி, இரண்டு தலைமுறைக்குப் பின் வரும் ஆய்வாளருக்கு அந்த அட்டை வெறும் அட்டையாகவே இருக்கும். மட்கும் பொருள்களுக்கு இப்பதிவே பாதுகாப்பு.

டேவிட் ஹாக்னி 2020இல் நார்மண்டியில் ஐபேடில் வரைந்து, மறு ஆண்டு லண்டன் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைத்த 116 வசந்தகாலப் படங்கள் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. அவற்றின் பூக்களும் மரங்களும் கண்ணுக்கு விருந்தே. ஆனால் அவை ஊரடங்கில் பிறந்தவை என்பதை ஆண்டுக் குறிப்பன்றிப் படத்தின் பொருண்மை உணர்த்துவதில்லை. இதனால் அவை தாழ்ந்தவை ஆகா. பொருளின் சான்றுமதிப்பும் கலைமதிப்பும் வெவ்வேறானவை. மான்செஸ்டரில் வைக்கப்பட்டவற்றை ‘மன ஆறுதலுக்குச் செய்தவை’ என்று தள்ளுவோர் இவ்விரண்டையும் குழப்புகின்றனர். கைத்திறனில் எளிய ஒரு படைப்பு, வரலாற்றுச் சான்றாக வலியதாக இருக்கக்கூடும்.

அதேவேளை, அச்சான்றின் எல்லையையும் மறைக்கலாகாது. படைக்க நேரமும் ஒரு மேசையளவு இடமும் வாய்த்தோரால் மட்டுமே பெரியின் நிகழ்ச்சிக்குப் படைப்பு அனுப்ப முடிந்தது. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கிடங்குகளிலும் அதே வாரங்களில் ஓய்வின்றி உழைத்தோரில் பலருக்கு அந்த வாய்ப்பே இருந்திராது. ஆகவே மான்செஸ்டர் கண்காட்சியை வீட்டிலிருக்க முடிந்தோரின் ஆவணமாக மட்டுமே கொள்ள வேண்டும். மற்றவர்களின் ஊரடங்கை அறிய விரும்பும் ஆய்வாளர், அவர்கள் அணிந்த பாதுகாப்பு உடைகளையும் பணிப்பட்டியல்களையும் தேடிச் செல்ல வேண்டியிருக்கும்.