கொழும்பில் ஒரு பகல்: குறைந்த செலவில் நகரைச் சுற்றிப் பார்க்க

வடக்கு, கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் எம்மவர்களில் பலர் ஊர் பார்க்க வருவதில்லை. தூதரகம், மகரகம புற்றுநோய் வைத்தியசாலை, விமான நிலையம் என்று ஏதாவதொரு அலுவல் இருக்கும். இரவு பஸ் விடியப்புறம் இறக்கிவிடும். அலுவல் முடிந்தால், அடுத்த இரவு பஸ் வரை விடுதி அறையிலோ பஸ் நிலையத்திலோ காத்திருப்பார்கள்.

இதற்குக் காரணம் காசு மட்டுமல்ல. பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்புமாகவே ஒரு தலைமுறை இந்த நகரை அறிந்திருந்தது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. தேவையில்லாமல் வெளியே இறங்கக்கூடாது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் மிஞ்சியிருக்கிறது. ஆனால், பஸ் காசும் நடக்கக் காலும் இருந்தால் நகரின் முக்கியமான இடங்களை ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

காலை: புறக்கோட்டை முதல் கொச்சிக்கடை வரை

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வியாபாரம். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் உள்ள செட்டியார் தெரு வழியாகக் கொச்சிக்கடைக்குப் போகலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் அங்குதான் உள்ளது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடித்த புனித அந்தோனியார் தேவாலயமும் அருகிலேயே இருக்கிறது. எல்லா மதத்தவரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். எங்கும் கட்டணமில்லை. வழிபாட்டு இடங்களுக்கேற்ற உடையில் போனால் போதும்.

மதியம்: நூதனசாலை

புறக்கோட்டையிலிருந்து மகரகமைக்குப் போகும் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நகரமண்டபத்துக்கு அப்பால் பொதுநூலகத்தடியில் இறங்குங்கள். மகரகமைக்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கும் இதே பஸ்தான். விகாரமாதேவி பூங்காவில் மர நிழலில் இலவசமாக இளைப்பாறலாம். பக்கத்தில், 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை. உள்நாட்டவருக்கு வெளிநாட்டவரைவிடக் கட்டணம் மிகக் குறைவு. ஆகவே அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். விடுமுறை நாளென்றால் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த செப்புத் திருமேனிகள் இங்கே உண்டு. காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டையும் தவறவிடாதீர்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த இக்கல்லில் 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி, தீவின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது.

மாலை: காலிமுகத்திடல்

கொள்ளுப்பிட்டிக்கு வந்தால் காலிமுகத்திடல் கிட்ட. கடற்காற்றுக்குக் காசில்லை. தள்ளுவண்டி இறால் வடையை விலை கேட்டு வாங்குங்கள். தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக 1956 ஜூன் 5 அன்று தந்தை செல்வா தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் இந்தத் திடலில்தான் தாக்கப்பட்டார்கள். 2022 போராட்டத்தின்போது, மே 18இல், முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்து நினைவேந்தல் நடந்ததும் இதே இடத்தில்தான்.

திரும்பும்போது

வெள்ளவத்தைக்கு 100, 101 பஸ்கள் உண்டு. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடலோர ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனால் செலவு குறைவு, காட்சியும் நல்லது. ஆனால் வேலை விடும் நேரத்தில் சரியான நெரிசல். ஓட்டோவென்றால் மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தையின் சைவக் கடைகள் இருக்கின்றன. கையில் தண்ணீர்ப் போத்தலும் சில்லறைக் காசும் இருக்கட்டும்.

பிள்ளைகளோடு வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு நடவுங்கள். 2009க்குப் பின் பிறந்தவர்களுக்கு நாங்கள் பயந்த கொழும்பு தெரியாது. ஏன் பயந்தோம் என்பதைக் காலிமுகத்திடலில் உட்கார்ந்து சொல்லலாம். அவர்கள் இந்த நகரைப் பயமின்றிப் பழகட்டும்.