மூளைப் புறணிப் பிறழ்வு

கருவில் நரம்பணுக்கள் மூளையின் உட்புறத்தில் பிறந்து, மேலேறி, புறணியில் ஆறு அடுக்குகளாக அமர்கின்றன. இந்த ஏற்றம் பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் நடக்கிறது. ஏதோ ஓரிடத்தில் மட்டும் அடுக்கு குலைந்துபோவதே ‘ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்ப்ளேசியா’ என்னும் இப்புறணிப் பிறழ்வு. பிறந்த குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலிப்பு தொடங்கி, மாத்திரைக்கு அடங்காதபோதுதான் சந்தேகம் எழும்.

நோய்க்குப் பெயர் வந்தது 1971இல். லண்டனில் டேவிட் டெய்லர், மரே ஃபால்கனர் குழுவினர் வலிப்புக்காக வெட்டி எடுத்த 10 பேரின் மூளைத் திசுவில், வரிசை தப்பிய பெரிய நரம்பணுக்களைக் கண்டு விவரித்தனர். ஆனால் வலிப்புக்கான அறுவைக் கத்தி அதற்கு முன்பே வேலூருக்கு வந்துவிட்டது. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952இல் வலிப்புக்கான அறுவையும் செய்தார். ஸ்கேன் இல்லாத காலம் அது. வலிப்பு உடலின் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்ற கவனிப்பையும் இ.இ.ஜி. கோடுகளையும் நம்பி மண்டையைத் திறந்த துணிச்சல், இன்று நினைத்தாலும் வியப்பே.

சி.டி. ஸ்கேன் வந்தபின் வேலூர்ப் பகுதியில் கவனம் வேறுபக்கம் திரும்பியது. வலிப்பு நோயாளிகளின் படத்தில் தெரிந்த சிறு வட்டப் புள்ளிகளைக் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுத்துவந்தார்கள். அவற்றில் பல பன்றி நாடாப்புழுவின் கூடுகள் என்று மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய சி.எம்.சி. மருத்துவர்கள் 1989இல் காட்டினர். வேலூர் மாவட்டக் கணக்கெடுப்பொன்றில் (2006) ஆயிரத்தில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு இருந்தது. அதில் மூன்றிலொரு பங்குக்கு இப்புழுவே காரணம். தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. புழுவைக் காட்டும் சி.டி., பிறழ்வைப் பெரும்பாலும் காட்டாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், அதிலும் சில தப்பிவிடும். ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பது முடிந்த தீர்ப்பு அல்ல. தோல் பதனிடும் ஷாப்பில் ட்ரம்முக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் அருகே வலிப்போடு நிற்பவருக்கு இது வெறும் ஏட்டு விவாதமும் அல்ல.

குழந்தைக்கு வலிப்பு வந்தால், கர்ப்பத்தில் கிரகணத்தின்போது வெளியே வந்தாள் என்று தாயைப் பழிப்பது இங்கும் உண்டு. ஆனால் 2015இல் தென் கொரிய ஆய்வாளர்கள், இப்பிறழ்வின் இரண்டாம் வகை உள்ள சிலரின் மூளைத் திசுவில் எம்டார் மரபணு மாற்றத்தைக் கண்டனர். அது தாய் தந்தையிடமிருந்து வந்ததல்ல. கரு தரித்த பின் வளரும் மூளையின் ஓர் உயிரணுவில் நேர்ந்து, அதன் வழிவந்த உயிரணுக்களில் மட்டும் தங்குவது. அதனால் இரத்தப் பரிசோதனையில் பொதுவாக அகப்படாது. அறுவையில் எடுத்த திசுவில்தான் தேட வேண்டும்.