இழையும் ஏடும்: மனைப் பின்னற்கலையின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் 'நூல்' என்னும் சொல் பஞ்சினின்று திரித்த இழையையும் புலவன் யாத்த ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. நன்னூற் பாயிரம் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவன் மதியைக் கதிராகவும் உருவகித்து இவ்விரு பொருளையும் இணைத்துக் காட்டுகிறது. இழைத்தொழில் ஏட்டுத்தொழிலுக்கு உவமையான செய்தி நாம் நன்கறிந்தது. இழைத்தொழிலே ஏடாக மாறிய செய்தி ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் ஊசிப் பின்னல், கூலித்தொழில் என்னும் நிலையினின்று மனைக்கண் நிகழும் பொழுதுபோக்காக மாறியபோது, அதனைக் கற்பிக்கும் அச்சு நூல்கள் தோன்றின. அம்மாற்றத்தின் காரணங்களையும், அதனால் பயன்பெற்றார் யார், பெறாதார் யார் என்பதனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பின்னலின் இயல்பும் தோற்றமும்

நெசவிற்குப் பாவும் ஊடையும் ஆகிய இருவகை இழைகள் வேண்டும், தறியும் வேண்டும். பின்னலுக்கு ஓரிழையும் இரண்டு ஊசிகளும் போதும். ஓர் ஊசியில் உள்ள கண்ணிகளின் வழியே புதிய கண்ணிகளை இழுத்து மற்றோர் ஊசியில் ஏற்றிச் செல்வதே தொழில். கண்ணியை முன்புறமாக இழுப்பதும் பின்புறமாக இழுப்பதுமாகிய இரண்டே செயல்களின் மாறுபட்ட சேர்க்கையால் எண்ணிறந்த கோலங்கள் பிறக்கின்றன. தறி வேண்டாமையின் இது நடந்துகொண்டே செய்யத்தக்கது. மடியில் வைத்துச் செய்யத்தக்கது. இடையில் நிறுத்திப் பின் தொடரத்தக்கது. இம்மூன்று இயல்புகளே இதனை மனைக்கு உரியதாக்கின எனலாம்.

எகிப்து நாட்டில் கிடைத்த மிகப் பழைய காலுறைகள் ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்யப்பெற்றவை. அவற்றைப் பின்னல் எனல் பொருந்தாது. மெய்யான ஊசிப் பின்னலின் தொன்மையான சான்றுகள், அந்நாட்டிலேயே கிடைத்த, பதினொன்றாம் நூற்றாண்டிற்கும் பதினான்காம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டனவாகக் கருதப்பெறும் பருத்திக் காலுறைத் துண்டுகளாகும். கி.பி. 1400ஐ ஒட்டிய காலத்தில் செருமானிய ஓவியர் பெர்ட்ராம் தீட்டிய பலிபீட ஓவியம் ஒன்றில், கன்னி மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு சிற்றாடை ஒன்றைப் பின்னுகிறாள். அக்காலத்தே இத்தொழில் இல்லறக் காட்சியாகவும் எண்ணப்பெற்றமைக்கு இது சான்று.

2. கூலித்தொழிலாக இருந்த காலம்

ஆயினும் இங்கிலாந்தில் பின்னல் நெடுங்காலம் வயிற்றுப்பாட்டிற்குரிய தொழிலாகவே விளங்கியது. 1571இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஆறு வயதிற்கு மேற்பட்டோர் ஞாயிற்றுக்கிழமைதோறும் உள்நாட்டில் செய்த கம்பளிக் குல்லாய் அணிய வேண்டும் என விதித்தது. குல்லாய் பின்னுவோர் பிழைப்பைக் காத்தலே அதன் கருத்து. அச்சட்டம் 1597இல் நீக்கப்பட்டது. 1589இல் நாட்டிங்காம்சயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அப்பொறியும் அதன் வழிவந்தனவும் பெருகப் பெருக, கைப்பின்னலின் விலை வீழ்ந்தது.

ஆயினும் யார்க்சயர் மலைப்பள்ளத்தாக்குகளில் தொழில் பின்னரும் நிலைத்தது. ஆங்கு ஆடவரும் மகளிரும் சிறாரும் மாலையில் ஒரு வீட்டில் கூடிப் பின்னினர். கண்ணிகளை எண்ணுதற்குப் பாடல்கள் பாடினர். தொழிற்பாடல் ஆராய்வார்க்கு இச்செய்தி பயன்படும். எனினும் அவ்வாழ்வை இனியதென்று மட்டும் கருதல் தவறு. டென்ட் என்னும் ஊருக்குப் பின்னல் கற்க அனுப்பப்பெற்ற இரு சிறுமியர், ஓயாத உழைப்பைப் பொறுக்கலாற்றாது தப்பி, நெடுந்தொலைவு நடந்தே தம் வீடு சேர்ந்த வரலாற்றை இராபர்ட் சதே தம் 'தி டாக்டர்' என்னும் நூலில் சேர்த்துள்ளார்.

3. பொழுதுபோக்காக மாறிய காலம்

பொறி கூலியைப் பறித்தது. அதே பொறியுகம் நடுத்தரக் குடும்பத்து மகளிர்க்கு ஓய்வை அளித்தது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மனைப்பின்னல் பிறந்தது என்க. செருமனியில் நூற்றுச் சாயமேற்றிய, 'பெர்லின் கம்பளி' எனப் பெயர்பெற்ற மென்மையான பல்வண்ண இழை கடைகளில் எளிதாகக் கிடைத்தது. அதனைக் கொண்டு என் செய்வது எனக் கற்பிக்க நூல்கள் எழுந்தன.

எடின்பரோ நகரில் கைவேலைப் பொருட்கடை நடத்திய ஜேன் கோகேன் 1840இல் தம் கையேட்டை வெளியிட்டார். பிரான்செசு லாம்பர்ட்டு 1843இல் 'என் பின்னல் நூல்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒன்றை அளித்தார். இவைபோன்ற நூல்களில் இடம்பெற்றவை பெரும்பாலும் சிறு பொருள்களே: கொதிகெண்டியைப் பிடிக்கும் துணி, குண்டூசி மெத்தை, பணப்பை, மணிக்கட்டுறை, குழந்தைக் குல்லாய், நாற்காலி முதுகுக்கு இடும் உறை. இறுதியிற் கூறியதன் பெயரே ஒரு வரலாறு. ஆடவர் தலையில் பூசிய 'மக்காசர்' எண்ணெய் நாற்காலியிற் படியாமற் காத்தமையின் அது 'அன்டிமக்காசர்' எனப்பட்டது.

இந்நூல்களின் நடை இலக்கண ஆசிரியர் நோக்கத்தக்கது. ஒவ்வொரு வரிசையும் விரித்தெழுதப்படின் நூல் பெருகும். ஆதலின் செயல்களுக்கு ஓரெழுத்துக் குறியீடுகள் அமைக்கப்பட்டன. கோகேன் சில எழுத்துகளைத் தலைகீழாக அச்சிட்டும் குறிப்பு வேறுபடுத்தினார். சுருங்கச் சொல்லல் என்னும் நூலழகு ஈண்டுத் தேவையினாலேயே விளைந்தது. ஆனால் குறியீடு ஆசிரியர்தோறும் வேறுபட்டமையால், ஒருவர் நூலைக் கற்றவர்க்கு மற்றவர் நூல் விளங்கவில்லை. ஊசிகளின் பருமனுக்கும் பொது அளவில்லை; லாம்பர்ட்டு அதனை அளக்கும் கருவி ஒன்றைப் பரிந்துரைத்தார். வாய்மொழியாலும் கைப்பழக்கத்தாலும் வழங்கிய கல்வி எழுத்துக்கு மாறுங்கால் எழும் இடர்ப்பாடுகள் யாவும் இங்கும் எழுந்தன.

4. ஓய்வா, உழைப்பா?

இதற்கு முன்னரே ஒரு மறுப்புக்குரல் எழுந்திருந்தது. சார்லசு லாம்பின் தமக்கையாரான மேரி லாம், இளமையில் ஊசிவேலையால் பொருளீட்டியவர். அவர் 1815இல் 'செம்புரோனியா' என்னும் புனைபெயரில் ஊசிவேலை பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்தார். வசதியுடைய மகளிர் பொழுதுபோக்காக ஊசி பிடிப்பது, அதனால் உயிர்வாழும் ஏழை மகளிரின் கூலியைக் குறைக்கும் என்பதும், தம் மனைவேலையை மகளிர் பொருள்மதிப்பால் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஆடவர்க்கு ஓய்வு ஓய்வாகவே அமைய, பெண்டிர்க்கோ ஓய்வும் ஒரு வேலையாக அமைந்ததை அவர் கண்டு கூறினார். அவர் எழுதியது தையலைப் பற்றியதாயினும் பின்னலுக்கும் பொருந்தும்.

இவ்வினாவிற்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டு அம்மையார் பெண்களுக்குச் சரிகைப்பின்னல் போன்ற 'லேசு' வேலையைக் கற்பித்தார். அவர் மகள் எலிசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். லேசு வேலை ஊசிப் பின்னலின் வேறானது. திண்டில் குத்திய ஊசிகளைச் சுற்றி இழைகளை மாற்றி முறுக்கிச் செய்வது. எனினும் ஒப்புநோக்கு தெளிவானது. இங்கிலாந்தில் ஓய்வின் அடையாளமான நுண்ணிழை வேலை, ஈண்டு எளிய குடும்பப் பெண்களின் ஊதியமாயிற்று. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை நாம் போற்றுகிறோம். அதே மனையில் வளர்ந்த இழைத்தொழிலின் வரலாற்றை நம் துறையினர் அத்துணை கருதியதில்லை.

5. பிற்கால வளர்ச்சி

1914இல் தொடங்கிய முதல் உலகப்போர் மனைப்பின்னலை நாட்டுக்கடனாக்கியது. படைவீரர்க்குக் காலுறை பின்னுதல் பிரித்தானியாவிலும், பின்னர் அமெரிக்காவிலும் பெரியக்கமாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பழைய ஆடையைப் பிரித்து அவ்விழையால் புதியது பின்னுதல் சிக்கனமாகப் போற்றப்பட்டது. அமைதி மீண்டபின் புதியதொரு போக்குத் தோன்றியது. பார்பரா வாக்கர் 1968இல் பின்னற்கோலங்களைத் தொகுத்து வெளியிட்டார். எலிசபெத்து சிம்மர்மன் 1971இல் வெளியிட்ட நூலில், குறியீட்டை அடிபிறழாது பின்பற்றுவதை விடுத்து, கணக்கறிந்து தாமே ஆக்குமாறு வாசகரை ஊக்கினார். கற்பார் ஆக்குவோராக உயர்ந்தது இக்கட்டத்திலேயாம். கொரிய இலக்கியத்தில் வல்லவரான ரிச்சர்ட் ரட்டு 1987இல் கைப்பின்னலின் வரலாற்றை விரிவாக எழுதியதும் நினைக்கத்தக்கது; இலக்கியப் பயிற்சி இத்தகைய ஆய்விற்குத் தடையன்று, துணையே என்பதை அது காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். பின்னலைத் தொழிலாக்குவதும் பொழுதுபோக்காக்குவதும் ஊசியன்று. ஊசி பிடிப்பவளின் பொழுது யாருக்கு உரியது என்பதே. அச்சு நூல்கள் மனைக்கல்வியைப் பரப்பின. அவற்றால் சில பெண்கள் ஆசிரியர் எனப் பெயர் பெற்றனர். கூலிக்கு இழைத்தவர்களுள் பெரும்பாலார் பெயரின்றி மறைந்தனர். பருத்தி நூற்ற பெண்டிரைப் புறநானூற்றுப் புலவர்கள் பாட்டில் வைத்தனர்; அவர்தம் பெயரை அப்பாட்டுகளும் தரவில்லை. தமிழில் வெளிவந்த தையல், பின்னல், மனையியல் கையேடுகளைக் கிடைக்கும்போதே நூலகங்கள் தொகுத்து வைப்பின், அவற்றின் கலைச்சொற்களையும் அவற்றைப் பயின்ற மகளிர் வாழ்வையும் பின்வரும் ஆய்வாளர் அறிதல் கூடும். இழையும் நூலே என்று கண்ட மொழியில், இழை பற்றிய ஏடுகளை நூலல்ல என்று ஒதுக்குதல் முறையன்று.