சோழவரம் தந்த சொத்து

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வருகிற பிள்ளைகள், கம்பெனிகள் வந்த பிறகுதான் இந்த மண்ணுக்குக் காரும் பைக்கும் அறிமுகம் ஆனதாக நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து விற்பனைக்குப் போனது 1998இல். அதே ஊரில் 1990லேயே ரேஸ் டிராக் திறந்துவிட்டார்கள். தொழிற்சாலைக்கு முன்னால் பந்தயம் வந்த ஊர் இது.

அந்தப் பந்தயம் பிறந்த இடம் சோழவரம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. பிப்ரவரி மாதம் வந்தால் மெட்ராஸ்காரர்களுக்கு அது திருவிழா. கோண்டல் மகாராஜா கார் ஓட்டியதும் அங்கேதான். பின்னாளில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான்.

ஆனால் அந்தக் கூட்டம் மகாராஜாக்களின் கூட்டம் அல்ல. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் செய்தவர்கள், எண்ணூர் லேலண்டில் லாரி பூட்டியவர்கள், புதுப்பேட்டையில் பழைய இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் வந்து சேர்வார்கள். என் தாய்மாமா செங்குன்றத்தில் லாரி மெக்கானிக். எழுபதுகளில் அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். கையில் புளிசாதப் பொட்டலம், பாட்டிலில் மோர். நிழல் கிடையாது. டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் தாண்டினால் ஓடுதளம். விளக்கெண்ணெய் சேர்ந்த ரேஸ் ஆயில் எரிகிற வாசனை காலையிலிருந்து சாயங்காலம் வரை காற்றில் நிற்கும்.

பந்தயம் முடிந்து வந்த ஒரு பைக்கின் பிளக்கைக் கழற்றி மெக்கானிக் வெயிலில் தூக்கிப் பார்த்தார். மாமா என் தோளைத் தொட்டு, "முனையைப் பாருடா. காப்பிக் கலர்ல இருந்தா மிக்சர் சரி. கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தா கம்மி, பிஸ்டன் போயிடும்" என்றார். பிற்பாடு ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனக்கு முதல் பாடம் அந்தப் பிளக்கில்தான் கிடைத்தது.

ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமில்லை. கூட்டமோ பெருகிக்கொண்டே போனது, வண்டிகளின் வேகமும் கூடியது. வைக்கோல் கட்டை நம்பி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் கிளப் பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் நீளத்தில், 12 வளைவுகளோடு சொந்த டிராக் போட்டது. பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தர டிராக்குகளில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் இங்கே ஓடின. வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பையனுக்கும் ஒற்றை இருக்கைக் காரில் உட்கார வழி பிறந்தது. நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில் இந்த டிராக்கில்தான் ஓட்டினார். 2005இல் அவர் ஃபார்முலா 1க்குப் போன முதல் இந்தியர் ஆனார். 2010இல் சென்னைப் பையன் கருண் சந்தோக் இரண்டாவதாகப் போனார்.

இந்த விளையாட்டில் ஆபத்து உண்டு. 2023இல் மட்டும் இந்த டிராக்கில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் 13 வயதுச் சிறுவன். வேகத்தைக் கொண்டாடுகிற நாம் அதை மறக்கக் கூடாது. பிள்ளைகளை எந்த வயதில் எந்த வண்டியில் ஏற்றுவது என்று கறாராகக் கேட்க வேண்டியது பார்க்கிறவர்களின் கடமையும்தான்.

2011இல் நொய்டா பக்கம் ஃபார்முலா 1 வந்தது. மூன்றே பந்தயங்கள், 2013ஓடு நின்றுவிட்டது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது ஊரே பேசியது. இருங்காட்டுக்கோட்டையில் ஆனி, ஆடி வெயிலிலும் பந்தயம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேலரியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம். நாள் முழுக்க பிரேக்கும் பிஸ்டனும் செய்கிற ஆயிரக்கணக்கான கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தாங்கள் செய்யும் பொருளின் எல்லை எதுவென்று அந்த வளைவுகளில் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்த பந்தயம் என்றைக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.