கிளட்ச் உதறும் பழைய ஜீப்

மாங்காய்க் காலத்தில் நம் பக்கத்தில் இன்னும் இரண்டொரு பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் கண்ணில் படுகிறது. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் வண்டி மொத்தமும் உதறிக்கொண்டுதான் கிளம்பும். "பிளேட் போயிடுச்சுங்க, மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். மாற்றியும் உதறல் நிற்காது. நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் ஒரே ஜீப்புக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை பிளேட் மாற்றிய பில் வந்தது. ஆடிட்டில் கேள்வி கேட்டார்கள். பதில் எழுதியது நான்தான்.

இந்த உதறலுக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பைத்தான் சுதந்திரத்தை ஒட்டி மஹிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பிளாக் ஆபீஸ் வந்த ஊருக்கெல்லாம் பின்னாலேயே ஜீப்பும் வந்தது. பி.டி.ஓ. என்றாலே ஜீப்தான் அப்போது.

அந்த ஜீப்பில் இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கும். கிளட்சை மிதித்து விடும்போது இன்ஜின் முன்னும் பின்னும் நகரப் பார்க்கும். அதைத் தடுக்க வில்லிஸ்காரர்கள் இன்ஜினின் பின்பக்கத்தைச் சேசிஸோடு ஒரு சின்னக் கேபிளால் கட்டினார்கள். ஸ்டே கேபிள் என்று பெயர். அது தொய்ந்தால் பிளேட் பிடிக்கும், இன்ஜின் அசையும், பிடி நழுவும், மறுபடி பிடிக்கும். கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் இந்தக் கேபிளையே காணோம்!

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிளட்ச் உதறினால் பிரெஞ்சுக்காரர்கள் 'ப்ரூத்' என்பார்கள். ஆடு மாடு மேய்வதற்கும் அதே சொல்தான். ஒரு வாய் பிடித்து, இழுத்து, விட்டு, அடுத்த வாய். உதறலும் அதுவேதான்.

அந்தப் பிரெஞ்சுக்காரர்களும் இந்தக் கதைக்குள் வந்தார்கள். 1979இல் பெஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜினை மஹிந்திரா எடுத்தது. நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர், 2,112 சி.சி. டீசல் மிச்சமானது வாஸ்தவம். ஆனால் டீசல் இன்ஜினின் அடி பெட்ரோலைவிடக் கடுமை. ரப்பர் மவுண்டுகளுக்கு ஆயுசு குறைந்தது.

ஆகவே கியர்பாக்ஸை இறக்குமுன் பானட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் கிளட்சை விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும்; முன்னால் நிற்க வேண்டாம். இன்ஜின் குதித்தால் மவுண்டையும் ஸ்டே கேபிளையும் பாருங்கள். ஓடும்போதும் உதறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸைப் பாருங்கள். பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டினால் முதலில் சீல்தான் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் ஆயிலில் நனையும். இவ்வளவும் சரியென்றால் மட்டும் இறக்குங்கள். பிரஷர் பிளேட்டின் மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஃபிளைவீலில் சூட்டால் நீலத் திட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பிளேட் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நம் பையன்கள் ஹவுசிங்கைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவார்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துத்தான் நோயாக வெளியே தெரியும். ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள்.