கண்டலும் கரியும்: மாத்தாங் சதுப்புக் காட்டின் நூறாண்டுக் கணக்கு

பேராக் மாநிலத்துக் கோலா செபெத்தாங்கில் பழைய தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்று இன்னும் நிற்கிறது. 'போர்ட் வெல்ட்' என்னும் பழம்பெயர் அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. 1885 ஜூன் திங்களில் தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்கு ஓடியதே மலாயாவின் முதல் தொடர்வண்டி. இலங்கையிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரும் அப்பாதையை அமைக்க உழைத்தனர். எழுத்துகளைப் பார்க்கப் போன நான், கரிச்சூளைகளின் புகைநெடியோடு திரும்பினேன். இன்றைய பொருளுக்கு அந்தப் புகையே வாயில்.

தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெளியிடுவதைக் குறைப்பதே முதற்கடன். எளிதில் குறைக்க இயலாத எச்சத்தை ஈடுசெய்ய, கலந்துவிட்ட வாயுவைத் திரும்ப எடுப்பதும் தவிர்க்க இயலாதது என 2022-இல் பன்னாட்டுக் காலநிலை அறிவியலாளர் குழு அறிவித்தது. அதற்கென எந்திரங்களும் வந்துள்ளன. 2021-இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய 'ஓர்கா' நிலையம் ஆண்டுக்கு 4,000 டன் எடுக்குமாறு வடிவமைக்கப்பட்டது. உலகமோ புதைபடிவ எரிபொருள்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் வெளியிடுகிறது. வகுத்துப் பாருங்கள்: அந்நிலையத்தின் ஓராண்டு உழைப்பு நமக்கு நான்கு நொடிக்கும் போதாது. ஆகவேதான் பலரும் மரங்களின் பக்கம் திரும்புகின்றனர்; குறிப்பாக, சங்கப் பாடல்கள் நெய்தல் நிலத்தில் காட்டும் கண்டலின் பக்கம்.

மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. 1902 முதல் திட்டமிட்டுப் பேணப்படும் இக்காட்டை உலகின் மிகச் சிறப்பாக ஆளப்படும் அலையாத்திக் காடு எனப் போற்றுவர். புகழ்ச்சியில் பொய்யில்லை. மரங்கள் முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டப்படுகின்றன. பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் இடையிடையே களைந்து நெருக்கம் குறைக்கப்படுகிறது. வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று எழுகிறது. தொடக்கத்தில் விறகுக்காகவும், 1930-ஐ ஒட்டிய காலந்தொட்டுக் கரிக்காகவும் இக்காடு பயன்பட்டது. தோல் உரித்த பாக்காவ் மரத்துண்டுகளைக் கவிழ்ந்த குடம் போன்ற செங்கற்சூளையில் நிறுத்தி, வாயில் மூட்டிய தீயின் வெப்பத்தால் வாரக்கணக்கில் வேகவைப்பர். புகையின் மணத்தையும் சூட்டையும் கொண்டே பக்குவம் அறியும் மூத்த கைகள் அங்குண்டு. நாற்பது டன் பச்சை மரம் சுமார் பத்து டன் கரியாகிறது.

இந்தக் கரி அடுப்பில் எரியும்போது, மரம் காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே மீள்கிறது. அடுத்த மரம் அதை மீண்டும் எடுக்கும். முப்பதாண்டில் அதுவும் மீளும். நிலக்கரியை எரிப்பதினும் இது மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எரித்த மரத்தைக் காற்றிலிருந்து அகற்றிய கணக்கில் எழுத முடியாது. அதே கரியை எரிக்காமல் வயல்மண்ணில் கலந்தாலோ, பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் சிதையாது கிடக்கும். பொருள் ஒன்றுதான்; போகும் வழியே வேறு.

சொல்லைப் பற்றியும் சிறிது கூற ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். கரி எரிபொருள், கரிமம் தனிமம், கரியமில வாயு, கரிமமும் உயிர்வளியும் சேர்ந்த சேர்மம். 'அமிலம்' அப்பெயரில் நுழைந்தது, பழைய வேதியியலார் இவ்வாயுவைக் கரியமிலம் என்றே வழங்கியதால். நம் ஏடுகள் இம்மூன்றையும் 'கார்பன்' என்று எழுதிவிடுவதுண்டு. ஒரு டன் கரிமம் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சொல் தவறினால் கணக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு பிழைக்கும்.

காட்டின் உண்மையான களஞ்சியம் மரத்தில் இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகளில் எக்டருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகக் கணித்தது. இடத்துக்கேற்ப அதில் பாதி முதல் அநேகமாக முழுவதும் மண்ணுக்கடியிலுள்ளது. உப்புநீர் தோய்ந்த சேற்றில் உயிர்வளி எட்டாமையால் வேரும் இலையும் மெல்லவே மட்குகின்றன. அச்சேற்றைக் கலைத்தால் என்னாகும் என்பதற்குச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சான்று. ஆங்கிலேயர் காலந்தொட்டு அங்கு மரங்களை ஒட்ட வெட்டினர். வெயில்பட்ட மண் தாழ்ந்து குழியாயிற்று, புகுந்த கடல்நீர் வடியாமல் உப்பு மிகுந்தது, கன்று பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீரை உள்ளே ஓடவிட்ட பிறகே காடு மீண்டது.

பினாங்கு என்றால் பாக்கு. நாம் கூடியிருக்கும் சுங்கை பினாங் பாக்காற்றின் பெயரைத் தாங்கினாலும், இங்கே பாக்கு மரத்தையும் காணோம், கண்டலையும் காணோம். தீவின் கிழக்குக் கரை பல இடங்களில் கடலைத் தூர்த்து ஆக்கப்பட்டது. 2017 நவம்பர் வெள்ளத்தை இவ்வட்டாரத்தில் மறந்தவர் இலர். எதிர்க்கரையில், செபராங் பிறையில், பினாங்குக் கரையோர மீனவர் நல அமைப்பினர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து கண்டல் நட்டு வருகின்றனர். மீன்வளம் குறைந்ததே அவர்களைச் சேற்றில் இறக்கியது. கரிமக் கணக்கு அன்று யார் மனத்திலும் இல்லை. அவர்கள் முதலில் நட்ட கன்றுகள் மாத்தாங்கில் வளர்ந்திருந்தால், இந்நேரம் சூளைக்குச் செல்லும் அகவையை நெருங்கியிருக்கும்.